தங்குவதா, விலகுவதா? - சமசமாஜத் தோழர் எதிர்நோக்கிய அறவினா

1964 ஆம் ஆண்டு யூன் மாதம் லங்கா சமசமாஜக் கட்சியின் விசேட மாநாடு கூடியது. சிறீ லங்கா சுதந்திரக் கட்சியுடன் சேர்ந்து கூட்டரசாங்கம் அமைப்பதா என்பதே அம்மாநாட்டின் முன் இருந்த வினா. கலாநிதி என். எம். பெரேராவின் தீர்மானம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு, மெரில் பெர்னாண்டோ, வி. காராளசிங்கம் முதலியோர் கட்சியை விட்டு வெளியேறினர். கொல்வின் ஆர். டி சில்வாவும் லெஸ்லி குணவர்த்தனாவும் அத்தீர்மானத்தோடு உடன்படாதவர்களே. ஆயினும் அவர்கள் வெளியேறவில்லை. தாம் சார்ந்த இயக்கம் வழி தவறுகின்றது எனக் கருதிய இரு சாராருள் ஒரு சாரார் விலகினர், மற்றொரு சாரார் தங்கினர். இவர்களுள் அறத்தின்பாற் பட்டவர் யாவர் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட உட்கட்சிப் பிணக்கை இன்று ஏன் கிளறவேண்டும் என நண்பர்கள் கேட்கக்கூடும். வட்டக்கச்சியில் வளர்ந்த எனக்கு அது உட்கட்சிப் பிணக்காக ஒருபோதும் தோன்றியதில்லை. என் அம்மப்பா இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்தவர். இளமையிற் சமசமாஜக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். 1964 இல் அவர் விலகவில்லை. 1966 இலும் விலகவில்லை. 1972 இல் சந்தா கட்டுவதை நிறுத்தினார். விலகற் கடிதம் எழுதவில்லை. கூட்டத்தில் எழுந்து ஒரு சொல்லும் கூறவில்லை. இந்த மூன்றாவது வகை விலகலைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. நாட்டிலே பெரும்பாலானோர் செய்தது இதுவே என எண்ணுகின்றேன்.

அவர் எதை நம்பிச் சேர்ந்தார் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1935 இல் தொடங்கப்பெற்ற அக்கட்சி, 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது அதனை எதிர்த்தது. 1953 ஓகத்து 12 ஆம் திகதி அரிசி விலையேற்றத்துக்கு எதிராக நிகழ்ந்த ஹர்த்தாலில் முன்னின்றது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தது. மொழிகள் இரண்டாயின் நாடு ஒன்றாயிருக்கும், மொழி ஒன்றாயின் நாடு இரண்டாகும் என்ற பொருள்பட அன்று எச்சரித்தவர் கொல்வின். சிங்கள மக்களிடையே வாக்குத் தேடவேண்டிய ஒரு கட்சி, அவ்வாக்குகளை இழக்க நேரும் என்று அறிந்தே அந்நிலைப்பாட்டை எடுத்தது. சாதிக் கொடுமைக்கும் இனவாதத்துக்கும் ஒருசேர விடை தேடிய ஒரு தமிழ் இளைஞன் அதன்பாற் கவரப்பட்டதில் வியப்பில்லை.

தங்குவதற்கும் பிரிவதற்கும் இடையிலான சிக்கல் நம் மரபுக்குப் புதிதன்று. கம்பன் கழகங்களும் பட்டிமன்றங்களும் விபீடணனையும் கும்பகருணனையும் நிறுத்தி எடைபோட்டது போதும் போதும் என்னும் அளவுக்கு நாம் கேட்டிருக்கின்றோம். தமையன் செய்தது தவறென்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஒருவன் இடித்துரைத்துப் பயன் காணாது பிரிந்தான். மற்றவன் இடித்துரைத்தபின் செஞ்சோற்றுக் கடன் கழிக்கக் களம் புகுந்து மடிந்தான். அவையோர் பெரும்பாலும் கும்பகருணனுக்காகவே கண்கலங்குவர். ஆனால் இவ்வுவமை கட்சிக்குப் பொருந்துமா? தமையனை நாம் தெரிந்தெடுப்பதில்லை, கட்சியைத் தெரிந்தெடுக்கின்றோம். ஒரு கொள்கைக்காகவே அதில் நுழைகின்றோம். அக்கொள்கை வெளியேறிய பின்னரும் உள்ளே எஞ்சியிருப்பது தோழமை. தோழமை சிறிய பொருளன்று. ஒரே தட்டில் உண்டவர்கள், ஒரே சிறையிற் கிடந்தவர்கள் அதன் பெறுமதியை அறிவர். எனினும், கும்பகருணன் தன் உயிரைக் கொடுத்தே கடனைக் கழித்தான் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கட்சியில் தங்குபவன் கழிக்கும் கடனுக்கோ பல வேளைகளிற் பிறரே விலை கொடுக்கின்றனர்.

தங்குவோர் கூறும் வலிமையான நியாயம், உள்ளிருந்தே திருத்தலாம் என்பது. அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அல்பேர்ட் ஹிர்ஷ்மன் 1970 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், நிறுவனம் சீர்கெடும்போது அதன் உறுப்பினருக்கு விலகல், குரல் என இரு வழிகள் உண்டென்றும், விசுவாசம் உடையவரே விலகாது நின்று குரலெழுப்புவர் என்றும் ஆராய்ந்தார். விலகக்கூடும் என்ற அச்சம் தலைமைக்கு இருக்கும்வரையே அக்குரலுக்குப் பலம் என்பதும் அவரது வாதத்தின் ஒரு பகுதி. கொல்வினின் வரலாற்றை இதனோடு ஒப்புநோக்கலாம். 1964 இல் உடன்படாது தங்கிய அவர், 1970 இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபோது அரசியலமைப்பு விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். 1972 மே 22 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு அவர் பொறுப்பிலேயே உருவாயிற்று. அது சிங்களத்தை அரசகரும மொழியாக அரசியலமைப்பிலேயே பொறித்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிறுபான்மையோருக்குக் காப்பாகக் கருதப்பட்ட சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. 1956 இல் எச்சரித்தவரும் 1972 இல் அமைச்சராயிருந்தவரும் ஒருவரே. கட்சியைத் திருத்தத் தங்கியவரைக் கட்சி திருத்திவிட்டது என்று இதனைக் கூறலாமா? அவரது நெஞ்சத்தை நான் அறியேன். ஆனால் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து சிறிதளவே தாழ்ந்திருந்தால், இறங்குபவனுக்கு இறக்கம் தெரிவதில்லை.

இவ்விடத்தில் எங்கள் ஊரின் அனுபவம் வாதத்தைக் கடினமாக்குகின்றது. அதே ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் முன்னொருபோதும் கிடையாத விலை கிடைத்தது. கிளிநொச்சிப் பகுதியில் மண் வீடுகள் கல் வீடுகளானதும், உழவு இயந்திரங்கள் வந்ததும் அக்காலத்திலேயே என்று மூத்தோர் இன்றும் கூறுவர். 1977 இல் வந்த ஆட்சி சந்தையைத் திறந்துவிட அந்த வாழ்வு சரிந்தது. அதே ஐக்கிய முன்னணிக் காலத்திற்றான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் வந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டபோது கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை. 1984 இலேயே அது பிரிக்கப்பட்டது. ஆதலின் வசதி குறைந்த வட்டக்கச்சிப் பிள்ளையும் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெருங்கல்லூரி மாணவரோடு ஒரே பட்டியலில் நின்று போட்டியிட நேர்ந்தது. தகப்பனின் மிளகாய்க்கு விலை தந்த ஆட்சி, மகனின் புள்ளிக்கு விலை குறைத்தது. ஒரே குடிசையில் இரண்டும் நிகழ்ந்தன. கட்சியில் தங்கிய தமிழ்த் தோழர் முதலாவதைக் காட்டினார்; தமிழ்த் தேசியவாதி இரண்டாவதைக் காட்டினார். இருவரும் பொய் கூறவில்லை.

இனி, விலகியோர் கைகள் தூய்மையானவையா எனப் பார்ப்போம். 1964 திசெம்பர் 3 ஆம் திகதி கூட்டரசாங்கம் ஒரே ஒரு வாக்கினாற் பாராளுமன்றத்தில் தோற்றது. சி. பி. டி சில்வா தலைமையிற் சுதந்திரக் கட்சியினர் கட்சி மாறியதே அதற்கு முதற்காரணம். ஆயினும் கட்சியை விட்டு விலகிய சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் அரசுக்கு எதிராக வாக்களித்தனர். இடதுசாரித் தூய்மையைக் காக்க வெளியேறியவர்களின் வாக்கு, ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வரும் பாதையைத் திறக்க உதவியது. இதிலும் ஒரு விந்தை உண்டு. அவ்வாட்சி 1966 சனவரி 8 ஆம் திகதி தமிழ்மொழி ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றத்திற் கொண்டுவந்தபோது, அதனை எதிர்த்து வீதியில் இறங்கியோருடன் சமசமாஜக் கட்சியும் நின்றது! விலகியவர்கள் தமக்குள்ளும் பிரிந்தனர். காராளசிங்கம் மீண்டும் தாய்க் கட்சிக்கே திரும்பினார். விலகல் ஒருமுறை பழகிவிட்டால் அதுவே பதிலாகிவிடும் போலும். கம்யூனிஸ்ட் கட்சியிலும் இதே அவலம் நிகழ்ந்தது. 1975 பெப்ரவரியிற் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் செல்வநாயகத்தை எதிர்த்து ஐக்கிய முன்னணியின் பெயரால் நின்ற வி. பொன்னம்பலம், பின்னர் கட்சியை விட்டு நீங்கிச் செந்தமிழர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் நீங்கிய காலத்தில் அவருக்காகக் காத்திருக்கும் பொறுமை இளைஞரிடம் இருக்கவில்லை.

ஆகவே தங்குவது தூய்மையன்று; விலகுவதும் தூய்மையன்று. பயனை மட்டும் அளந்து முடிவு காண முயன்றால் நாம் தராசின் முன்னேயே கிழவராகிவிடுவோம். வேறொரு கேள்வியைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகின்றது. உறுப்பினன் யாருக்குக் கடன்பட்டவன்? கட்சிக்கு என்பது வழக்கமான விடை. தன் மனச்சாட்சிக்கு என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் ஒருவரைக் காணவில்லை. உறுப்பினனின் வாயுரையை நம்பிக் கட்சியை நம்பிய அயலவரே அவர். அம்மப்பா வீடுவீடாகச் சென்று, இக்கட்சி உன் மொழியைக் கைவிடாது என்று சொன்னார். கேட்டவர்கள் மாக்சையோ திரொட்ஸ்கியையோ நம்பவில்லை, அவரை நம்பினர். கட்சி மாநாட்டில் அவர்களுக்கு வாக்கில்லை. அவர்களுக்குரிய ஒரே பிணை அவரது சொல். கட்சி அச்சொல்லைப் பொய்யாக்கும்போது, உள்ளே இருப்பதும் வெளியே வருவதும் அவருடைய சொந்தக் காரியமாக இருக்க முடியாது. அவர் மேலும் தங்குவதானால், அவரது பெயர் கட்சிக்கு ஒரு சான்றாகிவிடுகின்றது. தமிழரும் எம்மோடு உள்ளனர் எனத் தலைமை கூறும்போது அவரையே சுட்டுகின்றது. கட்சிக்குள் பேசியதையே கட்சிக்கு வெளியேயும் அவரால் பேச முடிகிறவரை அச்சான்று பொய்யாகாது. அதுவரை தங்கலாம், தங்குவது நன்றே. உள்ளே முணுமுணுத்து வெளியே மௌனம் காக்கவேண்டிய நாள் வருமாயின், அவர் தங்குவதால் விளையக்கூடிய நன்மை எதுவாயினும் அது பிறருடைய நம்பிக்கையை விற்றுப் பெற்ற நன்மையாகும்.

கட்சிக் கட்டுப்பாடு என்பதே உள்ளே விவாதித்து வெளியே ஒரே குரலாய்ப் பேசுவதன்றோ என்று ஒரு தோழர் மறுக்கக்கூடும். வேலைநிறுத்தத் திகதியிலும் வேட்பாளர் தெரிவிலும் அது சரியே. அடுத்த மாநாட்டில் மாற்றத்தக்க தவறுகள் அவை. ஒரு மக்கட் கூட்டத்தை நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இரண்டாம் வரிசைக்குத் தள்ளுவது அவ்வகைத்தன்று. 1975 இற் சமசமாஜக் கட்சி ஆட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 தேர்தலில் ஓர் ஆசனமும் பெறவில்லை. வாசுதேவ நாணயக்காரவும் விக்கிரமபாகு கருணாரத்னவும் வேறு வழி தேடி நவ சமசமாஜக் கட்சியைக் கட்டினர். 1972 இல் எழுதப்பட்டதை இவற்றுள் எதுவும் அழிக்கவில்லை. பிற்காலத்தில் வாசுதேவ அந்தப் புதிய கட்சியையும் விட்டு நீங்கி அமைச்சரானார். விக்கிரமபாகு 2024 இல் மறையும்வரை தமிழரின் சுயநிர்ணய உரிமையை வெளிப்படையாகவே பேசினார். ஒரே வாசலால் வெளியேறிய இருவரும் வெவ்வேறு ஊர் சேர்ந்தனர்.

அம்மப்பாவிடம் ஒருமுறை, 1964 இலேயே விலகியிருக்க வேண்டுமா எனக் கேட்டேன். வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றார். விலகினதும் பிழையில்லை, நின்றதும் பிழையில்லை என்றார். சற்றுப் பொறுத்து, “சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிருக்க வேணும், தம்பி” என்றார்.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில், கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 3 ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. வடக்குக் கிழக்கு இணைப்புக்கு எதிராக மக்கள் விடுதலை முன்னணியைச் சார்ந்தோர் தொடுத்த வழக்கில் 2006 ஒக்தோபரில் வெளிவந்த தீர்ப்பை நினைவில் வைத்திருந்தும், என் பீட நண்பர் சிலர் அக்கூட்டணிக்காக எங்கள் ஊரில் வாக்குக் கேட்டனர். ஊழலற்ற ஆட்சி என்ற நம்பிக்கை உண்மையானது; அதனை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. எத்தனை வீடுகளுக்குச் சென்றீர்கள் என்று மட்டும் ஒருவரைக் கேட்டேன். கணக்கு வைக்கவில்லை, நாற்பது இருக்கலாம் என்றார். அம்மப்பா தாம் கட்சியில் சேர்த்தவர்கள் 11 பேர் என்பார். அவர்களுள் எழுவர் இப்போது உயிருடன் இல்லை. 11 பெயர்களையும் இன்றும் வரிசையாகச் சொல்லுவார்.