தானியம் போன பின்

தூரத்திலிருந்து பார்த்தபோது உச்சியில் இருப்பது கோட்டை என்றே நினைத்தேன். தென் துனீசியாவில் தத்தாவீனிலிருந்து ஷெனினிக்குப் போகும் பாதை அது. மலையும் ஊரும் ஒரே நிறம். எது பாறை, எது சுவர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பள்ளிவாசல் மட்டும் வெள்ளை. ஏறிப் போன பிறகுதான் தெரிந்தது, உச்சியில் இடிந்து நிற்பது தானியக் களஞ்சியம். க்ஸார் என்கிறார்கள், அரபு மூலத்தில் கோட்டை, அரண்மனை என்று பொருள் வரும் சொல்தான். மனிதர்கள் அதற்குக் கீழே, மலையின் மெத்தென்ற அடுக்குகளைக் குடைந்து குடியிருந்தார்கள். மேலே உள்ள கடினமான அடுக்கு கூரை, கீழே உள்ளது தரை. குகைக்கு முன்னால் ஒரு சிறு முற்றம்.

வீட்டைக் காட்டிலும் தானியத்துக்கு உயர்ந்த இடம். மழை பொய்க்கும் என்பதையும் கொள்ளைக்காரன் வருவான் என்பதையும் நிச்சயமாக அறிந்தவர்களின் கணக்கு இது. 11ஆம் நூற்றாண்டில் பனூ ஹிலால் அரபுக் குலங்கள் வந்த பின் சமவெளியை விட்டு மலையேறியவர்கள் என்று இவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. பெர்பெர் என்பது பிறர் வைத்த பெயர். காட்டுமிராண்டி என்ற பழைய வசவு அதில் ஒட்டியிருக்கிறது. தங்களை அவர்கள் அழைத்துக்கொள்ளும் பெயர் அமாஸிக்.

களஞ்சியத்தின் ஒவ்வோர் அறையும் ஒரு கொர்ஃபா. இரண்டு சுவர்களை எழுப்பி, நடுவே மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, மேலே பாயை வளைத்துப் போட்டு, அதன்மேல் கல்லும் ஜிப்சக் கலவையுமாக வளைவுக் கூரையைக் கட்டுவார்கள். இறுகிய பின் சாக்குகளை உருவிவிடுவார்கள். சாக்கு தாங்கிய வளைவு சாக்கு போன பின்னும் நிற்கிறது. பிறகு அதே அறைக்குள் வேறு சாக்குகள் வரும், பார்லியோடு.

இங்கே என் சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். பத்து வருஷமாக இந்த மாதிரிப் பக்கங்களில் நான் உருவத்தின் கட்சி. கவிதை எதற்குப் பயன்பட்டது என்று கேட்பவர்களோடு ஓயாமல் சண்டை போட்டிருக்கிறேன். இந்தக் கட்டடங்களைப் பார்க்கும் ஆசையே உருவத்தின் வழியாக வந்ததுதான். 1964இல் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி நியூயார்க்கின் நவீன கலை மியூசியத்தில் 'கட்டடக் கலைஞர்கள் இல்லாத கட்டடக் கலை' என்று ஒரு கண்காட்சி வைத்தார். அதே பெயரில் வந்த புத்தகத்தை வாங்கிப் பல ராத்திரிகள் புரட்டியிருக்கிறேன். பெயர் தெரியாதவர்கள் கட்டிய உருவங்கள், கறுப்பு வெள்ளையில், பசியோ பயமோ இல்லாமல்.

அடுத்த நாள் துவிரெத். பழைய ஊர் பெரும்பாலும் காலி. ஜனங்கள் கீழே புது ஊருக்கு இறங்கிவிட்டார்கள். அங்கே கான்கிரீட் வீடுகள். கூட வந்த பெரியவருக்கு அறுபது வயதிருக்கும், பழைய ஊரில் பிறந்தவர். இவ்வளவு அழகான ஊரை விட்டு எப்படி இறங்க மனம் வந்தது என்று கேட்டேன். கேட்ட மறுகணமே அசட்டுத்தனம் உறைத்தது. அவர் கோபப்படவில்லை.

"உங்கள் வீடு எத்தனையாவது மாடி?"

"மூன்றாவது."

"லிஃப்ட் உண்டா?"

"உண்டு."

தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

அவர் தாயார் எத்தனை குடம் தண்ணீரோடு இந்தப் பாதையில் ஏறியிருப்பாள் என்று அதன் பிறகுதான் யோசித்தேன். என் ரசனைக்காக அவர்கள் இங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன். அழகியல் என்ற பெயரில் இதைவிட மோசமான ஆசை எனக்கு வந்ததில்லை.

அப்படியானால் எதிர்க்கட்சிக்குத் தாவிவிடலாமா? மெதனீனில் பல மாடி அடுக்கிய கொர்ஃபாக்கள் ஏராளமாக இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1960களில் அவற்றில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். தானியம் இல்லை, எனவே பயன் இல்லை, எனவே இருக்கத் தேவையில்லை. தர்க்கம் சுத்தம். நம் விமர்சகர்கள் சிலர் கவிதையை இதே முறையில் இடிப்பார்கள். நான் அதற்கும் ஒப்பவில்லை. அந்த வளைவுக்குப் பசிதான் காரணம், சரி. ஆனால் சாக்கை உருவிய பிறகும் கல் நிற்கிறதே, அதைப் பசியிடமே முழுக்க ஒப்படைத்துவிட முடியுமா? கட்டியவன் அதற்காக ஆசைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசி நாள் க்ஸார் ஊலெத் ஸுல்தான். முற்றத்தைச் சுற்றி நான்கு அடுக்கு அறைகள், மேலே போகக் குறுகலான படிகள், பேரீச்ச மரப் பலகையில் சின்னக் கதவுகள். மூட்டையைக் கயிறு கட்டி ஏற்றுவதற்குச் சுவரில் நீட்டிய மரக்கொம்புகள். வெளியிலிருந்து எல்லா அறைகளும் ஒன்றுபோல் இருக்கின்றன. யாருடையது நிறைந்தது, யாருடையது காலி என்று வாசலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, காவல் மட்டும் எல்லோருக்கும் பொது.

வங்கியில் நான்கு வருஷம் லாக்கர் அறை என் பொறுப்பில் இருந்தது. வாடிக்கையாளர் சாவி ஒன்று, வங்கிச் சாவி ஒன்று. என் சாவியைத் திருப்பியதும் நான் வெளியே வந்துவிட வேண்டும். இங்கேயும் கால் அப்படியே வாசலில் நின்றுவிட்டது. பெரியவர் உள்ளே போகலாம் என்று சைகை காட்டினார்; இப்போது யாருக்கும் இது சொந்தமில்லை என்பதுபோல. குனிந்து நுழைந்தேன். இருட்டு பழக நேரமாயிற்று. கூரையில், கலவை ஈரமாயிருந்தபோது யாரோ பதித்த ஒரு கை அச்சு. சின்னக் கை. கீழே மூலையில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், என்னைப் போல வந்து போனவர் விட்டது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.