கடைசி ஓவரும் கர்ணனின் தேரும்

ஐபிஎல் ப்ளே ஆஃப் நெருங்கும் மே மாதத்தில், தாரமங்கலத்திலிருந்து ராசிபுரம் வரை எந்த டீக்கடையிலும் ஒரே வழக்குதான் நடக்கும். லீக் ஆட்டங்களில் விக்கெட்டாக அள்ளிய பவுலர் நாக் அவுட்டில் அடி வாங்கினால், 'பெரிய மேட்ச்னா இவனுக்குக் கை நடுங்கும்' என்பது ஒரு கட்சி. 'அன்னிக்கு அவன் நேரம் சரியில்லை' என்பது எதிர்க்கட்சி. இரண்டும் கிரிக்கெட்டைவிட வயதில் மூத்த கட்சிகள். முதலாவது, நெருக்கடிதான் மனிதனின் உண்மையான குணத்தை வெளியே கொண்டுவரும் என்று நம்புகிறது. இரண்டாவது, எல்லாமே ஊழின் கையில் என்று ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டுமே தவறு என்பது என் வாதம். ஒரு பெரிய நாளின் முடிவைக் கொண்டு ஒருவரின் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்த நாளுக்கு அவர் எதைத் தயாரித்துக் கொண்டுவந்தார் என்பதைக் கொண்டு தீர்மானிக்க முடியும், தீர்மானிக்கவும் வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு அதற்கான சான்றைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. சின்னப்பம்பட்டி டி. நடராஜன் 2020 நவம்பர் 6 அன்று அபுதாபியில், சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக எலிமினேட்டர் ஆடினார். 56 ரன் எடுத்து நின்றிருந்த ஏ.பி. டிவில்லியர்ஸை ஒரு யார்க்கரில் போல்டாக்கினார். பெங்களூரு 131 ரன்னில் அடங்கியது, ஹைதராபாத் வென்றது. அன்றிரவு சேலம் மாவட்டமே அவரைப் பெரிய மேட்ச் பவுலர் என்றது. இரண்டே நாள் கழித்து, அதே ஊரில் டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்று. டெல்லி 189 ரன் குவித்தது. நடராஜன் நான்கு ஓவரில் 32 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. அணி 17 ரன்னில் தோற்று வெளியேறியது. அதே கை, அதே யார்க்கர், அதே வெயில்நாட்டு மைதானம். 48 மணி நேரத்தில் ஒரு மனிதனின் குணம் மாறிவிட்டது என்று யாராவது மனமறிந்து சொல்ல முடியுமா? இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், டெல்லி ஓவருக்கு 9 ரன்னுக்கு மேல் எடுத்த அந்த ஆட்டத்தில் ஓவருக்கு 8 ரன் என்பது மோசமான பந்துவீச்சே அல்ல. தோல்வியின் நிறம் அதன்மீது படிந்ததால் அது மோசமாகத் தெரிந்தது.

2024 இறுதிப் போட்டி இதைவிடத் தெளிவான உதாரணம். மே 26 அன்று சேப்பாக்கத்தில் ஹைதராபாத் 113 ரன்னுக்குச் சுருண்டது. கொல்கத்தா 10.3 ஓவரில் அதை எட்டிப்பிடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. அந்த சீசனில் 19 விக்கெட் எடுத்திருந்த நடராஜனின் நெஞ்சுரத்தைப் பற்றி அந்த ஆட்டம் நமக்கு எதைச் சொல்லும்? காப்பாற்ற ரன்னே இல்லாத இடத்தில் காப்பாற்றும் திறனைச் சோதிக்க வழியில்லை. முகமது ஷமியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பர் 15 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் 57 ரன்னுக்கு 7 விக்கெட். நான்கு நாள் கழித்து அகமதாபாத் இறுதிப் போட்டியில் 1 விக்கெட். 1986 ஏப்ரலில் ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் மியான்தத்திடம் சிக்ஸர் வாங்கிய சேத்தன் சர்மாவை நாடே பயந்தாங்கொள்ளி என்றது. ஆனால் மூன்று மாதத்துக்குள் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் 10 விக்கெட் எடுத்தவரும் அவர்தான். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவரும் அவர்தான். நாடு நினைவில் வைத்துக்கொண்டது ஒரு ஃபுல்டாஸை மட்டும்.

அந்த ஃபுல்டாஸ் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் நம் தீர்ப்புகளின் கனம் குறையும். யார்க்கர் பேட்ஸ்மேனின் கால் விரலுக்கும் மட்டையின் அடி முனைக்கும் நடுவே, க்ரீஸ் கோட்டை ஒட்டி விழ வேண்டும். ஓரிரு அடி குறைந்து விழுந்தால், மட்டையைச் சுழற்றித் தூக்கி அடிக்கத் தோதான பந்தாகிவிடும். ஓரடி கூடினால் தரையையே தொடாத ஃபுல்டாஸ். பனி இறங்கிய இரவில் பந்து சோப்பைப்போல வழுக்கும். தையலைப் பிடித்த விரல் ஒரு இழை நழுவினாலும் போதும். எதிரே நிற்பவர் பின்னங்காலை ஸ்டம்ப்பை நோக்கி நகர்த்தி, க்ரீஸுக்குள் ஆழமாகப் போய் நின்றாலும் கணக்கு மாறும். பந்து சரியாக விழுந்தே மட்டையின் உள்விளிம்பில் பட்டு நான்கு ரன் ஓடுவதும் உண்டு. தவறாக விழுந்து எல்லைக்கோட்டில் கேட்ச் ஆவதும் உண்டு. பவுலரின் கையில் இருப்பது பந்தை விடுகிற கணம் வரைதான். அதற்குப் பிறகு நடப்பதில் இன்னும் பலருக்குப் பங்கிருக்கிறது.

அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகலும் ஆங்கிலேயர் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976இல் இந்தச் சிக்கலை அறநெறியின் மையத்துக்கே கொண்டுவந்தார்கள். நம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுக்காக நம்மைப் புகழவோ பழிக்கவோ கூடாது என்கிறோம். ஆனால் நடைமுறையில் அதைத்தான் ஓயாமல் செய்கிறோம் என்றார்கள். விளைவில் மட்டுமல்ல, வாய்ப்பு கிடைக்கும் சூழலிலும் அதிர்ஷ்டம் புகுந்துகொள்கிறது என்று நேகல் பிரித்துக் காட்டினார். நடராஜனின் வாழ்க்கை இதற்குப் பாடநூல். வலைப் பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், மற்றவர்களின் காயங்களால் ஒவ்வொரு அணியாக உள்ளே வந்தார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். பும்ராவும் அஸ்வினும் நலமாக இருந்திருந்தால் அந்த வெள்ளைச் சட்டை அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அடுத்த மாதங்களில் அவருடைய முழங்காலே அவரை அணியிலிருந்து விலக்கியது. பிறர் காயம் கதவைத் திறந்தது, தன் காயம் சாத்தியது. இரண்டிலும் குணத்துக்கு வேலை இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 'நெருக்கடி என்று ஒன்று இல்லவே இல்லையா? ஆயிரக்கணக்கானோர் கத்தும்போது சிலருக்கு மூச்சு முட்டுகிறது, சிலருக்குப் பந்து தேனாக வருகிறது. அதைக் கண்ணால் பார்க்கிறோமே?' உண்மைதான். பதற்றம் உடலில் நடக்கிறது. பிடி இறுகுகிறது, ஓட்டத்தின் தாளம் கெடுகிறது. ஆனால் அதை ஒருவரின் நிரந்தர இயல்பு என்று சொல்ல எத்தனை பந்துகள் வேண்டும்? டி20இல் ஒரு பவுலருக்கு ஓர் ஆட்டத்தில் 24 பந்துகள். 2024 வரை நடராஜன் ஆடிய ப்ளே ஆஃப் ஆட்டங்கள் ஐந்து. முழு ஓவர்களும் வீசியிருந்தாலே 120 பந்துகள்தான். இவ்வளவு சின்ன மூட்டையிலிருந்து ஒரு மனிதனின் ஆன்மாவை வெளியே எடுக்க முடியாது. அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இதே வழக்கு க்ளேட்டன் கெர்ஷா என்ற பிட்சர்மீது பல ஆண்டுகள் நடந்தது. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வென்றவர். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி, வழக்கமான சீசனில் சுமார் இரண்டரை. ப்ளே ஆஃபில் நான்கைத் தாண்டியது. அங்கே சேர்ந்திருந்தது நூற்றுக்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே எதிரில் வருவது வடிகட்டிய அணிகள். நீண்ட சீசனில் தேய்ந்த தோளோடுதான் அக்டோபரில் இறங்க வேண்டும். 2020 உலகத் தொடரில் அதே கெர்ஷா இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்தார். கோழை என்ற தீர்ப்பு உண்மையாக இருந்திருந்தால் அது அன்று மட்டும் எப்படிப் பொய்த்தது?

நம் மரபு இந்தக் கேள்வியைக் கர்ணனை வைத்து யோசித்திருக்கிறது. இறுதிப் போரில் தோற்றவர்களில் அவனைப்போல யாரும் இல்லை. குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனன் எதிரே நிற்க, தேர்ச் சக்கரம் மண்ணில் புதைகிறது. கற்ற மந்திரம் தக்க சமயத்தில் மறந்துபோகிறது. ஸ்கோர் போர்டை மட்டும் பார்ப்பவர் அவனைப் பெரிய ஆட்டத்தில் கைவிட்டவன் என்று எழுதிவிடலாம். ஆனால் சேலம், தருமபுரி வட்டாரத்தில் 'கர்ண மோட்சம்' கூத்தை விடிய விடியப் பார்க்கும் சனங்கள் அப்படி எழுதவில்லை. பரசுராமரின் சாபம், இந்திரன் கேட்டு வாங்கிய கவசகுண்டலம், குந்திக்குக் கொடுத்த வாக்கு, மனம் ஒட்டாத சாரதியான சல்லியன் என்று அந்த ஒரு கணத்தின் பின்னால் நிற்கும் ஒவ்வொன்றையும் கூத்து எடுத்துச் சொல்கிறது. கர்ணன் செய்த தவறுகளையும் அது மறைப்பதில்லை. பாஞ்சாலியை அவமதித்த சபையில் அவன் நின்ற பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவனைக் குறைகூற வேண்டிய இடம் அதுதான். சக்கரம் புதைந்த இடம் அல்ல. செய்ததற்கு ஒரு தீர்ப்பு, நேர்ந்ததற்கு ஒரு கண்ணீர் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு நம் கூத்துக் களத்திலேயே இருக்கிறது. கிரிக்கெட் பேசும்போது மட்டும் அதை ஏன் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்?

நூல்களும் இதே பக்கம்தான் நிற்கின்றன. கீதை, செயலில் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்கிறது. அதைப் பலனைப் பற்றிய அலட்சியமாகப் படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் அர்ச்சுனனை வில்லெடுக்கச் சொன்னதற்கே பொருள் இருக்காது. இலக்கைத் தைக்க வேண்டும் என்று முழு மனதோடு எய்; தைத்ததா என்பதில் உன் மதிப்பை அடகு வைக்காதே என்பதே அதன் சாரம். கிரேக்க ஸ்டோயிக் மரபினரும் வில்லாளியைத்தான் உதாரணம் காட்டினார்கள்: நன்றாக எய்வது அவன் பொறுப்பு, காற்று அவன் பொறுப்பல்ல. வள்ளுவர் ஒருபுறம் 38ஆம் அதிகாரத்தில் ஊழைவிட வலியது எதுவுமில்லை என்கிறார். மறுபுறம் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்டி ஓட வைப்பார் என்கிறார். இதை முரண் என்று வாதிடுவோர் உண்டு. ஒரே ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் முதலாவது உண்மை. ஒரு வாழ்நாளை வைத்துப் பார்த்தால் இரண்டாவது உண்மை. பல ஆண்டு உழைப்பு ஒரு நாளின் விதியை ஒழித்துவிடாது. ஆனால் விதி விளையாடும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும்.

பக்தியிலும் இதே அறிவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய நடராஜன் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். நேர்த்திக்கடன் செலுத்துபவர் ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்வது, நடந்தது முழுவதும் என் திறமையால் மட்டும் அல்ல என்பதைத்தான். 'அப்படியானால் தோற்ற அன்று முருகன் கைவிட்டாரா?' என்ற கேள்வி வரும். நன்றியைக் கொடுக்கல் வாங்கலாக நினைப்பவருக்குத்தான் அது சிக்கல். தன் கையை மீறியவை உண்டு என்று தலை வணங்குபவருக்கு வெற்றியில் ஆணவமும் தோல்வியில் அவமானமும் ஒருசேரக் குறையும். உழைப்பை அது குறைப்பதில்லை. தனக்குக் கணிதம் தருபவள் நாமக்கல் நாமகிரித் தாயார் என்ற ராமானுஜன்தான் நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாக எழுதி நிரப்பினார்.

கடைசியாக ஒரு மறுப்பு: 'தோல்விக்குப் பழி இல்லையென்றால் வெற்றிக்குப் புகழும் இல்லையே? 2025 சீசனுக்கு டெல்லி 10.75 கோடி கொடுத்து நடராஜனை வாங்கியது விளைவுக்காகத்தானே?' நியாயமான கேள்வி. 2021 மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை. கடைசிவரை ஆட்டமிழக்காமல் 95 ரன் எடுத்த சாம் கரனுக்கு எதிராக நடராஜன் 6 ரன்தான் கொடுத்தார், இந்தியா 7 ரன்னில் வென்றது. அந்த மகிழ்ச்சியில் எந்தத் தத்துவமும் குறுக்கே நிற்க வேண்டாம். ஆனால் அதே ஆட்டத்தில் அவருடைய 10 ஓவரில் போன ரன் 73. கரன் அன்று இரண்டு பந்தைத் தூக்கி அடித்திருந்தால் அந்த 73தான் பேச்சாகியிருக்கும், அவர் கைவிட்டவர் ஆகியிருப்பார். ஆகவே வெற்றியைக் கொண்டாடுவோம். புகழை மட்டும் சரியான இடத்தில் வைப்போம். புகழ் சேர வேண்டியது, சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் பழகிய யார்க்கருக்கு. பந்துவீச்சு முறைமீது சந்தேகம் எழுந்தபோது அதைத் திருத்திக்கொண்டு திரும்பிய பொறுமைக்கு. 2018இலும் 2019இலும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தும் விடாத பயிற்சிக்கு. இவை எந்த முடிவாலும் கூடாது, குறையாது. அணி முதலாளிகளும் நல்ல கணக்காளர்களாக இருந்தால் விலை கொடுப்பது இவற்றுக்குத்தான். ஒரு மாலையின் ஸ்கோருக்குக் கொடுப்பவர்கள் அடுத்த ஆண்டே நஷ்டப்படுகிறார்கள்.

இது விளையாட்டோடு முடிகிற விஷயமும் அல்ல. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் மூன்று மணி நேரத்தைக் கொண்டு பிள்ளைகளை எடைபோடும் ஊர் இது. பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன நாமக்கல்லுக்கு இது நன்றாகவே தெரியும். பெரிய நாளில்தான் ஆள் யார் என்று தெரியும் என்ற நம்பிக்கை, தோற்ற பிள்ளையிடம் உன் உள்ளேயே கோளாறு என்று சொல்லிவிடுகிறது. அது பொய், கொடுமையான பொய். நடராஜன் தன் ஊரில் கட்டிய மைதானத்தில் இன்று பந்து வீசப் பழகும் பையன்களில் ஒருவன் நாளை ஒரு கடைசி ஓவரில் சிக்ஸர் வாங்கலாம். அன்று அவனிடம் நாம் கேட்க வேண்டியது, பந்தை எங்கே போட நினைத்தாய், அதற்கு எவ்வளவு பழகினாய் என்ற இரண்டு கேள்விகளைத்தான். இரண்டுக்கும் அவனிடம் நேர்மையான பதில் இருந்தால், ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் அவன் நம் மரியாதைக்கு முழு உரிமை உள்ளவன்.