முதல் நாள் அந்த அறையில்

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. இன்று ஏர்வாடி தர்காவுக்குத் துவா கேட்டு வருகிறவர்களுக்கு அரசு மனநல சிகிச்சையும் கிடைக்கிறது.

ஆனாலும் எங்கள் கரையில் ஒருவரிடம் “மனசுக்கு ஒரு டாக்டரப் பாரேன்” என்று சொல்லிப் பாருங்கள். “என்ன, ஏர்வாடிக்கு அனுப்பப் பாக்குறியா?” என்பார். அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். காலங்காலமாக இங்கே மனம் நொந்தவரின் கதையை அவர் சொன்னதில்லை. அம்மா சொல்வார், அண்ணன் சொல்வார், கொண்டுபோய் விட்டவர் சொல்வார். அவரைப் பார்த்து “உனக்கு என்ன செய்யுது?” என்று கேட்டவர்கள் குறைவு.

என் சித்தி மகன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் இருந்து திரும்பியதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. ராத்திரியில் எங்கோ இன்ஜின் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வான். மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, மாதா கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. கடைசியில், கடலுக்குப் போகாத ஒரு நாளில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஓ.பி. சீட்டு எழுதி, எங்கள் முறை வந்து, மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்ததுமே சித்தி தொடங்கிவிட்டார்: “சார், இவன் சின்னதுலேர்ந்தே பயந்த புள்ள...” ஆலோசகர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். சித்திக்கு முகம் வாடிவிட்டது. நானும் அவரோடு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் சந்திப்பில் முக்கியமானது அந்தக் கதவு சாத்தப்பட்டதுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் அவன் பிறகு சொன்னான். என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எப்போது விழிப்பு வருகிறது, சோறு இறங்குகிறதா, குடி உண்டா, கடன் எவ்வளவு, வீட்டில் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாய். எல்லாம் சாதாரணக் கேள்விகள். நடுவில் நேராக ஒரு கேள்வி: “செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?” இதைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று வீடுகளில் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவராவது கேட்டாரே என்று பலருக்குப் பாரம் குறைகிறது.

அங்கே சொல்வது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் வீட்டாருக்கோ மருத்துவருக்கோ சொல்ல வேண்டிவரும். இதை ஆலோசகரே முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தாராளமாகக் கேட்கலாம். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை. “இத இன்னைக்குப் பேச முடியல” என்பதும் ஒரு பதில்தான். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. தேவைப்பட்டால் ஆலோசகர் அவரிடம் அனுப்புவார்.

புத்திமதி கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். முதல் நாள் பெரும்பாலும் கேள்வியிலேயே முடிந்துவிடும். சிலருக்கு வெளியே வரும்போது போனபோதைவிட மனம் கனத்துக்கிடக்கும். மூடிவைத்ததைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று தடவை போயும் அந்த ஆலோசகரோடு மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரைப் பார்க்கலாம். அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

வெளியே வந்ததும் சித்தி கேட்டார், “உள்ள என்னடா சொன்ன?” “அத விடும்மா. அடுத்த வாரமும் வரச் சொல்லிருக்காரு” என்றான். சித்திக்குக் கோபம். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் என்பதுதான் எங்கள் ஊரில் சிக்கல். தங்கச்சிமடத்திலிருந்தோ பாம்பனிலிருந்தோ ராமநாதபுரம் போய்வந்தால் ஒரு நாள் வருமானம் போய்விடும். புருஷன் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்க, பிள்ளைகளையும் வட்டிக்காரரையும் ஒருத்தியாகச் சமாளிக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள்கூட வாய்க்காது. நேரில் போக முடியாதவர்கள் 14416க்கு போன் செய்யலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

போனோடு நின்றுவிடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் எல்லோரும் கரையில், கையில் காசில்லாமல் இருக்கும் காலம். அந்த நாட்களில் ஒவ்வொரு மீனவ ஊரிலும் ஒரு ஆலோசகர், கதவு சாத்தக்கூடிய ஒரு அறையோடு, வாரம் ஒரு நாளாவது உட்கார வேண்டும். வலை பின்னிக்கொண்டிருப்பவன் எழுந்து நடந்துபோகிற தூரத்தில் அந்த அறை இருக்க வேண்டும்.