இன்னும் ஒரு வாய்

மீனுவுக்குப் பதினாறு வயது. சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடமாகிறது. இரத்தத்தில் கழிவு ஏறினால் குமட்டும். குமட்டுகிறவளிடம்தான் சாப்பிடு, சாப்பிடு என்கிறேன். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் சங்கரா மீனை வேகவைத்து, முள் எடுத்து, இளஞ்சூட்டில் நீட்டுகிறேன். பூனை மூக்கால்தான் சாப்பிடத் தொடங்கும், ஆறிவிட்டால் வாசனை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். மருத்துவர் ஊசியில்லாத சிரிஞ்ச் கொடுத்தார். துண்டில் சுற்றிப் பிடித்துக் கூழை உள்ளே தள்ளினேன். விழுங்கினாள். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அந்த ஜெயிப்பு எனக்குப் பழக்கமானது, அம்மாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். 'இன்னும் ஒரு வாய்' என்பதைத் தவிர அன்பைச் சொல்ல எங்கள் வீட்டில் வேறு வாக்கியம் கிடையாது. வேண்டாம் என்றால் அம்மாவையே வேண்டாம் என்றதாகிவிடும்.

இரோம் சர்மிளாவின் நினைவு வந்தது. 2000 நவம்பரில் தொடங்கி 2016 ஆகஸ்ட் வரை உண்ணாவிரதம். தற்கொலை முயற்சி என்று வழக்குப் போட்டு, மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தினார்கள். அதற்கும் உயிர் காப்பது என்றுதான் பெயர். இரண்டும் ஒன்றல்ல. சர்மிளாவின் மறுப்பு ஓர் அரசியல் சொல். மீனுவின் மறுப்பு குமட்டலாக இருக்கலாம். அப்படியானால் குமட்டலைத்தானே முதலில் கவனிக்க வேண்டும்? ஒருவேளை, போதும் என்கிறாளோ? அதைப் படித்துச் சொல்லும் இடத்தில் இருப்பவள், அவள் போகக் கூடாது என்று ஆசைப்படுகிற நான்.

இப்போது குமட்டலுக்கு மாத்திரை கொடுக்கிறேன். (அதையும் வாயைத் திறந்துதான் போட வேண்டியிருக்கிறது.) பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டு, அடுத்த அறையில் விடைத்தாள் திருத்துகிறேன். நக்கும் சத்தம் சில நாள் கேட்கிறது. சிரிஞ்சை இன்னும் தூக்கிப் போடவில்லை.