செட்டும் இல்லாமையும்

உள்ளதைச் சிதறவிடாது பேணுதல் செட்டு. கொடுக்கவேண்டியவிடத்தும் கொடாது பூட்டிவைத்தல் உலோபம். இவ்விரண்டன் வேற்றுமை நம் மாணாக்கருக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. செட்டுக்கும் இல்லாமைக்கும் உள்ள வேற்றுமையோ பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை. ஆசிரியராகிய நாமே அதனைச் சரிவர அறிந்திருக்கின்றோமா என்னும் ஐயம் நமக்கு உண்டாயிற்று. அஃது உண்டான வரலாற்றை இங்கே எழுதுகின்றோம்.

சண்டிலிப்பாய், யாழ்ப்பாணத்து வலிகாமத்திலே மானிப்பாய்க்கு அணித்தாயுள்ள ஊர். குடாநாட்டிலே ஆறென்று பெயர் பெற்றது வழுக்கையாறு ஒன்றே. அதுவும் மழைகாலத்து மாத்திரம் இப்பக்கத்து வயல்களினூடே ஓடி, அராலியிலே கடலேரியிற் கலந்துவிடும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிலே பெய்துவிடுதலால், நெல்லும் அம்மழையை நம்பி ஒருபோகமே விளைகின்றது. தையிலும் மாசியிலும் அறுத்த நெல் மறு மார்கழிவரைக்கும் வருதல் வேண்டும். ஆதலால், வயல் பசுமையாகவும் குதிர் வெறுமையாகவும் இருக்குங் காலமே நமது மாரிகாலம்.

நமது வளவு இரண்டு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதை நினைப்போர் அதன் சிறுமையை அறிவர். எனினும், மாரிகாலத்தில் அவ்வளவே நம்மைப் பெரிதும் தாங்குகின்றது. மழை விழுந்து சில நாளில் முசுட்டைக் கொடி வேலியெங்கும் படர்ந்துவிடும். அதன் இலையைக் கிள்ளி, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவுங் கூட்டி வறை செய்தால் அன்றைக்குக் கறி வாங்க வேண்டுவதில்லை. சண்டியிலை, தூதுவளை, முல்லை, குறிஞ்சா என்பனவும் அங்ஙனமே. பங்குனி வெயிலில் உலர்த்திய ஒடியலை இடித்து, கைப்பு நீங்க நீரில் ஊறவிட்டு வடித்த மாவிலே கூழ் காய்ச்சுகின்றோம். கூழுக்கு மீன் இன்றியமையாதது என்பார் பலர். பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் இட்ட கூழை உண்டு பாராதவரோடு நாம் வழக்காடுவதில்லை.

இவ்வீட்டில் எறியப்படுவது யாதென்று ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். அரிசி கழுவிய நீர் மாட்டுக்கு. வடித்த கஞ்சி உப்பிட்டு நமக்கு. பழஞ்சோறு மோரும் வெங்காயமுங் கூட்டிக் காலை உணவாகும். அடுப்புச் சாம்பல் கத்தரிக்கன்றின் இலைமேல் தூவப்படும். பனங்கிழங்கு பிடுங்கியபின் எஞ்சிய ஊமல் காய்ந்து விறகாகும். மழைகாலத்திலே ஈரவிறகு பெருந்தொல்லையாதலால், பன்னாடையும் கொக்கறையும் காவோலையும் ஆவணிக்கு முன்னரே தாழ்வாரத்தில் ஏற்றப்பட்டுவிடும். வேலியில் ஓராண்டு நின்ற பனையோலை மறு ஆண்டு தோட்டத்தில் தாழ்க்கப்பட்டு எருவாகும். மார்கழியில் இராசவள்ளிக்கிழங்கு கிண்டும்போது அதன் தலைப்பக்கத்தை நடுகைக்கென்று வெட்டி வைத்துவிட்டே எஞ்சியதைக் களிக்கு எடுப்பர். விருந்தினர் எத்தனைபேர் வரினும் அத்தலை அடுப்பேறுவதில்லை. நம் அன்னையார் இவ்விதியை மீறியதை நாம் ஒருமுறையும் கண்டதில்லை.

இவற்றையெல்லாம் நாம் வகுப்பிலே பெருமையோடு சொல்லி வந்தோம். 2022 ஆம் ஆண்டு வந்தது. நாட்டிற் பொருள்முடை மிகுந்து, எரிபொருளும் எரிவாயுவும் கிடையாது, அரிசி விலை ஏறிற்று. அவ்வாண்டு யூன் மாதத்திலே, வீட்டுத்தோட்டஞ் செய்தற்கென்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அரசு தீர்மானித்தது. எங்கும் சிக்கனம் என்பதே பேச்சு. கார்த்திகை மாதத்தில் நாமும் எட்டாம் வகுப்புக்குச் ‘சிக்கனம்’ என்னுந் தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதுவித்தோம். ஒரு மாணாக்கன் இரண்டு வரியே எழுதியிருந்தான். தன் வீட்டிலே சிக்கனஞ் செய்வதில்லை என்றும், சிக்கனஞ் செய்தற்கு அங்கே ஒன்றும் இல்லை என்றும் அவை கூறின. நாம் அதனைக் குறும்பென்று கொண்டு, அவனை எழுந்து நிற்கச்செய்து, எல்லாருங் கேட்க வாசிப்பித்தோம். பிள்ளைகளில் ஒருவராவது சிரிக்கவில்லை. முதல்நாள் இரவும் அன்று காலையும் அவன் உண்டிலன் என்பதை அயலிலிருந்த பிள்ளை சொல்லப் பின்னரே அறிந்தோம்.

கார்த்திகைப் பூரணையின்பின் விநாயக விரதம் தொடங்கிற்று. இருபத்தொரு நாளும் ஒருபொழுது உண்டு, கல்வளைப் பிள்ளையார் கோயிலிற் பெருங்கதை கேட்டு வந்தோம். அங்கிருந்தபோது இந்நினைவே நம்மை வருத்திற்று. நமது வயிறும் அப்பிள்ளையின் வயிறும் ஒரே வேளையில் வெறுமையாய் இருந்திருக்கும். நம்முடையது விரதம் எனப்படும், அவனுடையது பட்டினி. வேற்றுமை வயிற்றில் இல்லை. வீட்டிலே அரிசி இருக்க உண்ணாமை நம்முடையது. விரும்பினால் உண்ணலாம் என்னும் அவ்வொன்றே நோன்பை நோன்பாக்குகின்றது. செட்டும் அத்தகையதே அன்றோ? செலவிடக்கூடியவன் செலவிடாது பேணுதல் அவன் குணம். செலவிட ஒன்றுமில்லாதவன் செலவிடாமை குணமுமன்று, குற்றமுமன்று. அதனை அவனுக்கு அறமென்று போதிப்பவன், நோயாளியை நோக்கி உபவாசத்தின் மகிமையைப் பிரசங்கிப்பவனை ஒப்பான்.

இங்கே ஒருசாரார் ஆட்சேபிப்பர். இல்லாமையே நம்மவரை உழைப்பாளிகள் ஆக்கிற்று என்பர். 1942 ஆம் ஆண்டு யப்பானியர் பர்மாவைப் பிடிக்க, அந்நாட்டரிசி வாராது நின்றபோது யாழ்ப்பாணம் ஒடியலாலும் குரக்கனாலும் மரவள்ளியாலும் பிழைத்தது என்பர். 1990 ஆம் ஆண்டின் பின்னர்ப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையாக, சாம்போத்தலில் ஒரு திரியிட்டு அதன் ஒளியிலே படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்ததையும் எடுத்துக்காட்டுவர். இவை உண்மை. அவ்விளக்கொளியில் நாமும் படித்தவர்களே. ஆனால், புகழ் அப்பிள்ளைகளின் மனவுறுதிக்கு உரியது; எண்ணெய் இல்லாமைக்கு உரியதன்று. அவ்வொளியிற் படிக்க இயலாது கல்வியைக் கைவிட்டோர் எத்தனைபேர் என்று நாம் கேட்பதில்லை. இல்லாமையைப் புகழப்புக, அதனை உண்டாக்கினோர் பொறுப்பு நம் கண்ணுக்கு மறைந்துபோகின்றது. 1876, 1877 ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் பசித்தோருக்குச் சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கித்திலர். கஞ்சித்தொட்டி அமைத்துக் கஞ்சி வார்ப்பித்தார்.

அங்ஙனமாயின் செட்டு எப்பொழுது அறமாகின்றது? பிடியரிசியை நினைத்தோம். உலையிடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு பானையிலே இடுதல் நம் வீடுகளிற் பழைய வழக்கம். யாழ்ப்பாணத்துச் சைவப் பாடசாலைகள் தலையெடுத்த நாட்களில் அவ்வரிசி அவற்றுக்கு உதவிற்று. தனக்கென்று பேணியது செட்டு மாத்திரம். பிறர்க்கென்று ஒதுக்கியபோதே அஃது அறமாயிற்று என்று முடிவுசெய்தோம். ஆகவே, உள்ளவனுக்கே செட்டென்னும் அறம் உரியது, இல்லாதவனை அதிலிருந்து விடுவித்துவிடலாம் என்று நமக்குள்ளே ஒரு வரம்பு கட்டி அமைதியடைந்தோம்.

அவ்வரம்பு பத்துநாளும் நிற்கவில்லை. பிடியரிசிப் பானையில் இருந்ததையும் ஒரு மரவள்ளித் தூரின் கிழங்கையும் அப்பிள்ளை வீட்டுக்கு, யாரும் காணாதபடி, அந்திநேரத்தில் அனுப்பியிருந்தோம். கொடுத்ததாகத் தோன்றலாகாது என்பதே நம் எண்ணம். மறுநாட் காலையில் அப்பிள்ளை மழையில் நனைந்துகொண்டு நம் படலையடியில் நின்றான். கையிலே வாழையிலையிற் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. தாயார் தந்துவிட்டதாகச் சொன்னான். அவிழ்த்துப் பார்த்தோம். முசுட்டையிலை, முற்றலெல்லாம் கழித்து, தளிராகத் தெரிந்து கிள்ளியது. நம் வேலியிலேயே முசுட்டை நிறைய உண்டென்பதை அவ்வழியாற் போகும் அவ்வம்மையார் அறியாதவரல்லர்.

இல்லாதவரை அறத்தினின்று விடுவிக்க நாம் யார் என்று அப்போதே தோன்றிற்று. நாம் கட்டிய வரம்பு அவரைப் பட்டினியின் பழியினின்று காக்கும் என்று நினைத்திருந்தோம். கொடுக்கும் உரிமையினின்றும் அவரை வெளியே நிறுத்தியிருந்ததை உணர்ந்திலோம். இதனை எவ்வாறு வகுப்பிற் கற்பிப்பது என்பது இன்றுவரை நமக்குத் தெளிவாகவில்லை. அக்கட்டுரைத் தலைப்பை மாத்திரம் பின்னர்க் கொடுத்ததில்லை. மாரி தொடங்கும்போது, அவரவர் வேலியிலும் வளவிலும் முளைத்திருக்கும் உண்ணத்தகும் இலைகளின் பெயரையும் பக்குவத்தையும் எழுதிவரும்படி சொல்லுகின்றோம். சென்ற மாரியில் ஒரு வகுப்பிலிருந்தே நாம் அறியாத நான்கு இலைகள் வந்தன.

அந்த முசுட்டையிலை அன்றே நம் வீட்டில் வறையாயிற்று. பிள்ளையிடம் அதற்கேதும் கொடுத்தனுப்பலாமோ என்று வீட்டார் கேட்டனர். வேண்டா என்றோம்.