இன்னும் ஓடுகிற போன்

நான்கு வருடமாகக் கையில் இருக்கிற போன். கூப்பிட்டால் மணி அடிக்கிறது, பேசினால் கேட்கிறது, பேருந்தில் நின்றபடி செய்தி படிக்க முடிகிறது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல். காலையில் நூறு காட்டும் பேட்டரி மாலை நான்கு மணிக்கெல்லாம் சிவப்புக்கு வந்துவிடுகிறது. ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டதென்று வாரம் ஒருமுறை அறிவிப்பு வருகிறது. தீபாவளி நெருங்கும்போது, பழையதைக் கொடுத்தால் இவ்வளவு கழித்துக்கொள்கிறோம், மீதியைத் தவணையில் கட்டலாம் என்று கடைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். மாற்றலாமா?

வீட்டில் இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். காசு இருந்தால் வாங்கு என்பார் ஒருவர். ஓடுகிறதை எதற்கு மாற்றுகிறாய் என்பார் இன்னொருவர். வாங்குபவரையும் அவர் பணத்தையும் தாண்டி வேறு யாரும் இந்த இரண்டு பதில்களிலும் இல்லை. ஆனால் ஒரு போனுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இது விருப்பு வெறுப்புச் சமாசாரமாக இல்லாமல் அறத்தின் கேள்வியாக ஆவது அவர்களால்தான்.

தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பிறகு காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்த ஜே.சி. குமரப்பா, 1930களில் ஒரு கொக்கோ டப்பாவை எடுத்துக்காட்டாக வைத்து எழுதினார். கடை அலமாரியிலிருந்து அதை எடுப்பவர், ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கொட்டை பறித்தவரின் கட்டாய உழைப்பிலும் பங்காளி ஆகிறார் என்பது அவர் வாதம். ஒரு பொருள் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று விசாரிப்பதை அவர் வாங்குபவரின் கடமையாகவே பார்த்தார்.

கொக்கோவின் வழியை முயன்றால் கண்டுபிடித்துவிடலாம். போனின் வழி அவ்வளவு நேரானதல்ல. அதன் பேட்டரியில் சேரும் கோபால்ட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். உலகில் வெட்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அந்நாட்டின் தெற்கே கொல்வேசி நகரைச் சுற்றிப் பெரிய எந்திரச் சுரங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் அருகிலேயே கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கையால் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முட்டுக்கொடுக்காத குழிகள் சரிந்து பலர் செத்திருக்கிறார்கள். குழந்தைகள் தாதுக்கல்லைப் பொறுக்கிக் கழுவிச் சுமப்பதை 2016 ஜனவரியில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் தன் அறிக்கையில் பதிவு செய்தது. அந்தக் கல் உள்ளூர் வியாபாரிகளிடம் போகிறது. அங்கிருந்து பெரும்பாலும் சீனாவின் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போய், எந்திரம் வெட்டிய தாதுவோடு கலந்துவிடுகிறது. கலந்த பிறகு எந்தக் கிராம் எந்தக் குழியிலிருந்து வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. சில நிறுவனங்கள் இப்போது மறுசுழற்சி செய்த கோபால்ட்டுக்கு மாறிவருகின்றன, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இன்று கையில் இருக்கும் போன்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே செய்யப்பட்டவை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளின்படி, ஒரு போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதைச் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. நாம் தினமும் சார்ஜ் போடும் மின்சாரத்துக்கு உரியது சிறு பங்குதான். பழைய ஃப்ரிட்ஜை மாற்றினால் கரண்ட் மிச்சமாகும் என்று சொல்லலாம். போனுக்கு அந்த நியாயம் பொருந்தாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறவர் பதினைந்து ஆண்டில் ஐந்து போன் வாங்குகிறார். ஐந்து ஆண்டு வைத்திருப்பவர் வாங்குவது மூன்று. செய்யப்படாமலே போகும் அந்த இரண்டு போன்கள்தான் ஒரு தனி மனிதரால் மிச்சப்படுத்த முடிந்தது.

ஆக, போன் கைக்கு வருவதற்குள் அதற்காகப் பட வேண்டிய பாட்டையெல்லாம் யாரோ பட்டு முடித்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. வீணடிக்காமல் இருக்க மட்டும் வழி இருக்கிறது. தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதே என்று குழந்தையிடம் சொல்லும்போது, அரிசிக்குத்தான் காசு கொடுத்துவிட்டோமே என்று யாரும் நினைப்பதில்லை. காசு கொடுத்ததோடு தீராத ஏதோ ஒன்று அந்தச் சோற்றில் இருப்பதாக நம் வீடுகள் நம்பி வந்திருக்கின்றன. அந்த நம்பிக்கை போனுக்கு ஏன் நீளக்கூடாது?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த வாதம் சீக்கிரமே "உனக்கு இது தேவையா?" என்ற கேள்வியில் போய் விழும். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு ஓர் அசிங்கமான வரலாறு இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-ல்தான் அரசாணை வந்தது. செருப்புப் போடுவதும் குடை பிடிப்பதும் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று மேலே இருந்தவர்களே தீர்மானித்தார்கள். இன்றும் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் மகன் நல்ல போன் வைத்திருந்தால் புருவத்தை உயர்த்துகிறவர்கள், தங்கள் பிள்ளையின் போனைப் பற்றி அப்படி நினைப்பதில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் தலைமுறைப் பையன் நான்கு பேர் முன்னால் எடுத்து வைக்கக் கூசாத ஒரு போனை விரும்புவது பேராசை ஆகாது. அதனால் கேள்வியை ஆளிடம் கேட்காமல் பொருளிடம் கேட்பது நல்லது. இந்தப் போனில் இன்னும் உயிர் இருக்கிறதா? இருந்தால், அந்த உயிர் யாருக்குப் பயன்படப் போகிறது?

தொழிலாளியின் பேரால் சொல்லப்படும் ஒரு மறுப்பும் உண்டு. அதை எளிதில் ஒதுக்க முடியாது. எல்லாரும் பழையதையே வைத்துக்கொண்டால் ஸ்ரீபெரும்புதூரில் போன் பூட்டும் பெண்களின் வேலை என்னாவது? அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒவ்வாமல் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனதையும், தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்ததையும் தமிழ்நாடு பார்த்தது. அவ்வளவு நடந்தும் அந்த வேலை அவர்களுக்கு வேண்டியதாகவே இருந்தது. அந்தச் சம்பளத்தில் தங்கை படிக்கிறாள்; கல்யாணத் தேதி தள்ளிப் போகிறது. போன் வாங்காமல் இருப்பதே அறம் என்று பேசுகிறவர் இவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

ஆனாலும் இந்த மறுப்பு கேட்பதற்குத் தோன்றும் அளவு வலுவானதல்ல. அதே ஊரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். மக்கள் போனைப் பல ஆண்டு வைத்திருந்ததால் அது மூடப்படவில்லை. வரி வழக்கில் சிக்கியதால் அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்கு நடந்த விற்பனையில் சேராமல் தனியே நின்றது. பிறகு ஆர்டரும் நின்றது. தொழிலாளியின் வாழ்வு நம் கடைப் பையில் தொங்குவதாகச் சொல்வது, அவர் விதியை உண்மையில் எழுதுகிறவர்களை மறைத்துவிடுகிறது. தொழிலாளிகளுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்குமானால், அவர்கள் சாலையில் உட்காரும்போது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று முகம் சுளிக்காமல் இருப்பது. ஓடுகிற போனைத் தூக்கிப் போடுவது அவர்களுக்குச் செய்யும் உதவி என்று எண்ணிக்கொள்வதில் நேர்மை இல்லை. இருந்தும், வாங்குவது குறைந்தால் எங்கோ ஒரு பெண்ணின் ஷிஃப்ட் குறையலாம் என்ற உறுத்தல் முழுவதும் போவதில்லை. அது உறுத்திக்கொண்டு இருப்பதே சரி.

போனின் ஆயுளை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கமும் கொடுத்தது. அதற்குள் எத்தனையோ பேர், போன் கிழடாகிவிட்டது என்று நம்பிப் புதியது வாங்கியிருப்பார்கள்; பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் போதுமாயிருந்திருக்கும். பயன்படுத்துகிறவர்களிடம் சொல்லாமல் விட்டதற்காகப் பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. பிறகு காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. 2023-ல் பிக்சல் 8 போனுக்கு ஏழாண்டு அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது. 2024-ல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அப்படியே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு உதிரிபாகமும் மென்பொருள் அப்டேட்டும் பல ஆண்டு கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி.

இந்த ஏழாண்டு உறுதி தொடங்கியது விலை உயர்ந்த போன்களில். பத்தாயிரம் ரூபாய்ப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் பல நேரம் இரண்டு மூன்று ஆண்டில் நின்றுவிடுகிறது. காசு சேர்த்து வாங்கியவரின் போன் சீக்கிரம் சாகிறது; சிரமமில்லாமல் வாங்கியவரின் போன் நெடுநாள் வாழ்கிறது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிக்குப் போன் கொத்தனாருக்குக் கரண்டி போல. செயலி திறக்கவில்லை என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அவரைப் பார்த்து இன்னும் ஒரு வருடம் ஓட்டக்கூடாதா என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. நீண்ட காலம் வைத்திருக்கும் கடமை யாருக்கு அதிகம் என்றால், ஏழாண்டு ஓடக்கூடிய போனை வைத்துக்கொண்டு இரண்டாம் ஆண்டிலேயே அலுத்துப்போகிறவருக்குத்தான்.

அப்டேட் நின்ற போனை மாற்றுவது சரியா? பல நேரம் சரிதான்; சிலருக்குக் கடமையும் ஆகும். நோயாளிகளின் விவரம் வைத்திருக்கும் செவிலியர், மாணவிகளின் படமும் எண்ணும் வைத்திருக்கும் ஆசிரியர், சங்கக் கணக்கு வைத்திருக்கும் சுய உதவிக் குழுத் தலைவி ஆகியோரின் போன் அவர்களுடையது மட்டும் அல்ல. அது ஓட்டையாகிவிட்டால் நட்டம் வேறு யாருக்கோ. இங்கே சிக்கனம் பார்ப்பது அடுத்தவர் பொருளில் சிக்கனம் பார்ப்பதாகிவிடும்.

புதுப் போன் வாங்கும் வீடுகளில் மனசாட்சியைச் சமாதானப்படுத்தும் ஒரு வாக்கியம் உண்டு: "பழையதை அம்மாவுக்குக் கொடுத்துடலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எதுவும் வீணாகவில்லை, அம்மாவுக்கும் ஸ்மார்ட்போன் ஆயிற்று. ஆனால் அம்மா கைக்குப் போவது என்ன? எழுத்தை அழுத்தினால் ஒரு நொடி தயங்குகிற, பேட்டரி நிற்காத, அப்டேட் நின்றுபோன போன். அவர் அதைப் பேரப்பிள்ளையின் வீடியோ காலுக்கு மட்டுமா வைத்துக்கொள்வார்? குடும்ப ஓய்வூதியக் கணக்கின் ஓடிபி அதில்தான் வருகிறது. சிலிண்டர் பதிவதும் கரண்ட் பில் கட்டுவதும் அதில்தான். போலீஸ், சிபிஐ என்று சொல்லி 'டிஜிட்டல் கைது' என மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தனியாக இருக்கும் வயதானவர்களைக் குறிவைக்கின்றன. வீட்டிலேயே அதிகப் பாதுகாப்புத் தேவைப்படுகிறவரிடம், பாதுகாப்பு மிகக் குறைந்த போனைக் கொடுத்துவிட்டு, அதைப் பாசம் என்கிறோம். போன் திக்கினால் போனைக் குறை சொல்லவும் அவருக்குத் தெரியாது. "எனக்குத்தான் இதெல்லாம் வரமாட்டேங்குது" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வார்.

அந்த வீட்டுக்கு ஒரு புதுப் போன் வருவது நியாயம் என்றே வைத்துக்கொண்டாலும், அதை யார் வைத்துக்கொள்வது? பழையதின் குணம் மகனுக்கோ மகளுக்கோ தெரியும். எங்கே திக்கும், எந்தச் செயலியை நீக்கினால் வேகம் வரும், எந்த லிங்க்கைத் தொடக்கூடாது என்று தெரியும். அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். பெரிய எழுத்தும் தெளிவான ஒலியும் நெடுநாள் அப்டேட்டும் உள்ள புதியது அம்மாவுக்குப் போகட்டும். இப்படி மாற்றிப் பார்த்தவுடன் வாங்கும் அவசரம் தணிந்துவிடுகிறது என்றால், அவசரம் அம்மாவுக்காக இருக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

அம்மாவுக்கும் போகாத போன்கள் மேசை இழுப்பறைக்குப் போகின்றன. 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி ஆனது 22.3 விழுக்காடுதான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. இழுப்பறையில் கிடப்பதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதில் படங்கள் இருக்கின்றன. அழித்துக் கொடுத்தாலும் யாராவது மீட்டெடுத்துவிடுவார்களோ என்று பெண்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சில போன்களில் இறந்துபோன ஒருவரின் குரல் வாட்ஸ்அப் செய்தியாகக் கிடக்கிறது. அதை இன்னும் வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை.

கடைக்குப் போகும் முன் அந்த இழுப்பறையைத் திறப்பது நல்லது. குரலை ஒரு பென் டிரைவுக்கு மாற்றலாம். கையில் இருக்கும் போனைச் சென்னையென்றால் ரிச்சி தெருவுக்கு, மற்ற ஊரென்றால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய், பேட்டரி மாற்ற என்ன ஆகும் என்று கேட்கலாம். பெரும்பாலும் அது புதுப் போன் விலையில் சிறு பங்காகத்தான் இருக்கும். இழுப்பறையில் கிடக்கும் பழைய போன்களில் ஒன்று இன்னும் ஓடக்கூடும். சிம் போடாமல், வங்கிச் செயலி எதுவும் இல்லாமல், எதிர்வீட்டுத் தாத்தா பாட்டுக் கேட்க அது போதும். அதன் சார்ஜர் முனை மட்டும் பழைய வகை. தேடித்தான் எடுக்க வேண்டும்.