விசையும் மனச்சான்றும்

திருப்பாடல்களுள் எண்பதாம் பாடலைப் பாடியவர் தம் மக்களை ஒரு திராட்சைக் கொடியாகக் கண்டு, அதன் மதில் தகர்க்கப்பட்டதையும் காட்டுப்பன்றி புகுந்து அதைப் பாழாக்கியதையும் சொல்லி இறைவனிடம் முறையிடுகிறார். மறையுரையில் இப்பகுதிக்கு விளக்கம் சொல்லும்போது உருவகம், அணி என்று சொல்லிச் செல்வது வழக்கம். குற்றால மலையடிவாரத்து மக்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படுவதில்லை. வடகரை, மேக்கரை, பண்பொழி, கடையம் என மலையை ஒட்டிய ஊர்களில் நிலம் வைத்திருப்போருக்கு அது நேற்றிரவு நடந்த செய்தி. யானை வந்தால் தென்னையும் வாழையும் போகும். பன்றிக் கூட்டம் வந்தால் நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் போகும். பன்றி தின்பது கொஞ்சம். கிளறிப் பாழாக்குவதே மிகுதி.

அத்தகைய நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரிகிறார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் துப்பாக்கி வைத்திருப்பதால் தானும் ஒன்று வாங்க எண்ணி, விலை மலிவான, எளிய அமைப்புடைய அரைத்தானியங்கி ரைபிளாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தந்தையிடம் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 500 டாலர் இருந்தால் போதுமாம். “சாமி, அவன் இருப்பது அடுக்குமாடி வீடு. பயிரும் இல்லை, பன்றியும் இல்லை. அவனுக்குக் கிடைக்கிறது. எனக்கு ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் கிடைக்க மாட்டேன் என்கிறது. இது என்ன நியாயம்? நான் வாங்கினால் பாவமா, அவன் வாங்கினால் பாவமா?” என்றார். கோயில் வாசலில் நின்றபடி பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்கென அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியையே. 2016ஆம் ஆண்டின் விதிகள் அரைத்தானியங்கி வகையைப் பொதுமக்களுக்கு எட்டாத பிரிவில் வைத்துள்ளன. துப்பாக்கி கிடைத்துவிட்டாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2022இல் திருத்தப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையின் அனுமதியின்றிக் கொல்லுதல் குற்றம். ஆகவே உழவர் கையில் உள்ள துப்பாக்கி சட்டப்படி செய்யக்கூடியதெல்லாம் பெரும்பாலும் ஓசை எழுப்புவதுதான். பரண்மேல் நின்று கவண் வீசித் தினைப்புனம் காத்த குறத்தியின் நிலையிலிருந்து நாம் மிகவும் முன்னேறிவிடவில்லை.

பெரியவரின் மனக்குறையில் உண்மை இருக்கிறது. ஆயுதத்தை மக்களிடமிருந்து பறிப்பது எப்போதும் அமைதிக்காகவே நடந்ததில்லை. சாமுவேல் முதல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இஸ்ரயேலர் நாட்டில் கொல்லரே இல்லாதபடி பெலிஸ்தியர் பார்த்துக்கொண்ட செய்தி வருகிறது. உழுபடையையும் கோடரியையும் தீட்டுவதற்குக்கூட மக்கள் பகைவரிடமே போய்க் கூலி கொடுத்துத் தீட்ட வேண்டியிருந்தது. போர் நாளில் சவுலிடமும் யோனத்தானிடமும் தவிர வேறெவர் கையிலும் வாள் இல்லை. நம் சீமையின் கதையும் அதுவே. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இன்று தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாளையக்காரர் போர் முடிந்த 1801இல் கும்பினியார் கோட்டைகளை இடித்து, பாளையத்தார் படைக்கலம் ஏந்துவதையும் தடை செய்தார்கள். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமம் பெற வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. குடகு நாட்டுக் கொடவர்களுக்குக் கிடைத்த விலக்கு மட்டும் இன்றுவரை தொடர்கிறது. துப்பாக்கி மறுக்கப்பட்டவன் தான் நம்பப்படவில்லை என்று உணர்வதில் வியப்பில்லை.

திருச்சபையும் தற்காப்பை மறுக்கவில்லை. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறார். தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம்: தன் உயிர் காக்கப்படுவது ஒன்று, தாக்க வந்தவன் இறப்பது மற்றொன்று. முன்னதை நாடிச் செய்யும்போது பின்னது நோக்கத்துக்கு வெளியே நிகழ்கிறது. ஆயினும் தேவைக்கு மிஞ்சிய வன்முறையைக் கையாண்டால் அச்செயல் முறைகேடாகிவிடும் என்றும் அவர் சொல்கிறார். 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் இதையே பின்பற்றுகிறது. விடுதலைப் பயண நூல் இன்னும் நுட்பமான கோடு ஒன்றைக் கிழிக்கிறது. இரவில் கன்னமிட்டு நுழையும் திருடன் அடிபட்டு இறந்தால் இரத்தப்பழி இல்லை. கதிரவன் எழுந்தபின் என்றால் இரத்தப்பழி உண்டு. இருட்டில் வந்தவன் யார், எதற்கு வந்தான் என்று அறிய வழியில்லை. வெளிச்சம் வந்துவிட்டால் பார்க்கவும் எண்ணவும் முடியும். எண்ண முடிந்தவனுக்குப் பொறுப்பும் கூடுகிறது.

விலங்கைப் பொறுத்தமட்டில் கேள்வி எளிது. பன்றி திருடனும் அன்று, பகைவனும் அன்று. மனிதனின் உண்மையான தேவைக்காக விலங்கைக் கொல்வதைத் திருச்சபை பாவம் என்று சொன்னதில்லை. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்றே மறைக்கல்வி கற்பிக்கிறது. ஓர் ஆண்டின் உழைப்பு ஓர் இரவில் அழிவது உண்மையான தேவைதான். ஆகவே பெரியவர் துப்பாக்கி வாங்க விரும்புவதில் பாவம் எதையும் நான் காணவில்லை.

எஞ்சி நிற்பது, எவ்வகைத் துப்பாக்கி என்பதே. கடைக்காரரோடு முடிந்துவிட வேண்டிய இக்கேள்விக்குள் இறையியல் நுழைவதற்குக் காரணம் இருக்கிறது.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் வெடிமருந்தை அளந்து குழலில் கொட்ட வேண்டும். அதன்மேல் நார் அல்லது துணி வைத்து நீண்ட கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈயக்குண்டுகளை இட்டு மீண்டும் அடைத்து இடிக்க வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு வெடிக்கு. மற்றொரு வெடி வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரைத்தானியங்கி ரைபிளில் வெடித்த தோட்டாவின் விசையே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. விரலைத் தளர்த்தி மீண்டும் அழுத்தினால் போதும். ஓர் அழுத்தத்துக்கு ஒரு குண்டு. இடையில் மனிதனுக்கு வேலை எதுவும் வைக்கப்படவில்லை. ஆனால் மனச்சான்று பேசுவதற்கென்று இருந்த நேரம் அந்த வேலை நேரம்தான். சினத்தில் முதல் குண்டைச் சுட்டவன் இரண்டாவதற்கு மருந்து அளக்கும்போது கை நடுங்கி நிறுத்தக்கூடும். அச்சத்தில் நிழலைச் சுட்டவன் அது பன்றியா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்து வயல்காரரா என்று பார்க்கக்கூடும். மனிதன் தன் செயலைத் தன்னதாக்கிக்கொள்ளும் அந்த இடைவெளியைக் கருவி எடுத்துக்கொள்கிறது. அதனால் அக்கருவி தீயது என்று நான் சொல்ல வரவில்லை. வைத்திருப்பவனிடம் அது கேட்கும் அறப்பயிற்சி பன்மடங்கு பெரிது என்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதையும் பெரியவரே சொன்னார். ஒற்றை வெடியில் பன்றி சாகாது. வயிற்றில் ஈயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து இரண்டு நாள் துடிக்கும்; அல்லது திரும்பி வந்து மனிதனைக் கிழிக்கும். உடனே இரண்டாவது குண்டு சுட முடிவதுதானே அந்த விலங்குக்குச் செய்யும் இரக்கம்? இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மெதுவான துப்பாக்கி மனிதனின் மனச்சான்றுக்குத் தரும் அவகாசத்தை விலங்கு தன் வேதனையால் ஈடு செய்கிறது என்றால் அதுவும் அநீதியே. ஆஸ்திரேலியாவில் 1996ஆம் ஆண்டு போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றபின், அந்நாட்டு அரசு அரைத்தானியங்கி ரைபிள்களைப் பொதுமக்களிடமிருந்து விலைகொடுத்துத் திரும்பப் பெற்றது. மற்ற வகைகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அழிக்கப்பட்டன. அங்கும் காட்டுப்பன்றித் தொல்லை உண்டு. உழவர்களுக்கு, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டிய ரைபிளை விட்டுவைத்தார்கள். விரைவான வகையை, விலங்கு ஒழிப்பையே தொழிலாகக் கொண்ட, பயிற்சியும் தனி உரிமமும் பெற்றவர்களுக்கு ஒதுக்கினார்கள். இரக்கத்துக்குத் தேவை குறி தவறாத கை. தோட்டாக்களின் எண்ணிக்கை அதற்கு ஈடாகாது என்பதே என் கருத்து.

தானே மறுதோட்டா ஏற்றிக்கொள்ளும் ஆயுதம் நம் பகுதிக்குப் புதிதன்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜிய நாட்டில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஆஷ் தம் மனைவியோடு ரயில் பெட்டியில் அமர்ந்திருந்தார். சிறிது நேரத்தில் அதே துப்பாக்கியால் வாஞ்சி தம் உயிரையும் முடித்துக்கொண்டார். அவருடைய நாட்டுப்பற்றின்முன் தலைவணங்குகிறவன் நான். தனி மனிதர் எவருக்கும் தீர்ப்பளித்துக் கொல்லும் அதிகாரம் இல்லை என்ற தோமாவின் போதனையையும் விட்டுவிட முடியாதவன். இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட இதுவரை என்னால் முடியவில்லை. அந்தக் கருவி இரண்டு உயிர்களுக்கும் மறுசிந்தனை தரவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

டெக்சாஸ் மகனுக்கு வருவோம். அங்கே அந்த ரைபிள் மலிவாக இருப்பதற்குக் காரணம், 1950களில் வடிவமைக்கப்பட்ட ஒரே மாதிரியைப் பல நிறுவனங்கள் செய்வதும் உதிரிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதுமே. 2022 மே மாதம் அதே மாநிலத்தின் யுவால்டி ஊரில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்ற பதினெட்டு வயது இளைஞன் அவ்வகை ரைபிளைச் சட்டப்படிதான் கடையில் வாங்கியிருந்தான். நம் பிள்ளை அப்படிப்பட்டவர் அல்லர். எனக்குள்ள அச்சம் வேறு. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வேலை போன நாள், மனைவியோடு பிணங்கிய இரவு, தனிமை. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி. நம் ஊரில் அந்த இடத்தில் பூச்சிமருந்துப் புட்டி இருக்கிறது. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. மக்களின் துயரம் திடீரென்று தீர்ந்துவிடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டியது கொல்லாததாக இருந்தது, அவ்வளவே. வாங்கியே தீர வேண்டுமானால், ரைபிளின் விலையோடு பூட்டுள்ள இரும்புப் பெட்டியின் விலையையும் பயிற்சிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்கும்படியும், சாவி யாரிடம் இருக்கும் என்பதைக் கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்யும்படியும் எழுதச் சொன்னேன்.

மலிவு என்றால் நம் மலையடிவாரத்தில் அதைவிட மலிவானவை இருக்கின்றன. களவாகச் செய்யும் நாட்டுத் துப்பாக்கி. பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய். வேலியில் திருட்டுத்தனமாக இணைக்கும் மின்கம்பி. இவற்றின் விலையை வாங்கியவர் கொடுப்பதில்லை. 2020 மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்தில் சூல்கொண்ட யானை ஒன்று வெடி வைத்த பழத்தைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றில் நின்றபடியே இறந்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயல் மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி நின்றன. அந்தக் கம்பியில் நாளை படப்போவது மாடு மேய்க்கும் சிறுவனின் காலாகவும் இருக்கலாம். விரலை அழுத்தக்கூட ஆள் தேவைப்படாத இக்கருவிகளைப் பற்றிப் பெரியவருக்கு நான் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னேன்: இது பாவம். சட்டம் தாமதிக்கிறது என்பது இதற்குச் சாக்கு ஆகாது.

சட்டத்தின் தாமதத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. பயிற்சி பெற்ற கையிடம் துப்பாக்கியை ஒப்படைப்பது அறநெறிக்கு உகந்ததுதான். ஆனால் பெரியவரின் நிலம் காட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மிகுதியாக இழப்பவருக்கு அந்த ஆணை எதுவும் தருவதில்லை. அவர் உரிமத்துக்கு மீண்டும் விண்ணப்பிப்பதாகச் சொன்னார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. மழைக்கால அறுவடை முடியும்வரை நம் அன்பியத்து இளைஞர்கள் முறை வைத்து இரவுக் காவலுக்கு வர முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்டிருக்கிறேன். முதல் வாரத்துக்கு நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.